இரண்டு சாவிகளும் என்னிடம் இருந்த நாட்கள்

திங்கட்கிழமை மாலை 5.50. தேர்வுப் பிரிவின் இரும்பு அலமாரியைப் பூட்டிவிட்டுக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தேன். பூட்டியிருந்தது. இன்னொரு முறை இழுத்தேன். மூன்றாவது முறை இழுத்தபோது கைப்பிடி வெகுதூரம் போய்விட்டதுபோல் இருந்தது. என் கைதான் அதைப் பிடித்திருந்தது. ஆனால் அந்தக் கை எங்கோ ஒரு நீண்ட நடைபாதையின் மறுமுனையில் இருந்தது. நெஞ்சின் நடுவே ஒரு கனம். இடது கை விரல்களில் எறும்பு ஊர்ந்தது. மின்விசிறியின் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து கேட்பதுபோல் கேட்டது.

நான் அடையாறில் ஒரு தனியார் கல்லூரியில் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். வயது ஐம்பத்திரண்டு. இருபத்தெட்டு ஆண்டுகளாக டைரி எழுதுகிறேன். ஆகவே இங்கே வரும் நேரங்களை நீங்கள் நம்பலாம். மற்றவை அப்போது எனக்குத் தெரிந்தபடி.

அலுவலக உதவியாளர் எத்திராஜ் விளக்கணைக்க வந்தார். இந்தப் பிரிவில் என்னைவிட மூத்தவர்.

"இன்னா மேடம், மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி கீது?"

"ஒண்ணும் இல்ல எத்திராஜ்."

"ஒண்ணும் இல்லாமயா நாற்காலில குந்திகினு பீரோவையே பாத்துகினு கீறீங்க? வேர்வை பாரு, மழைல நனைஞ்சா மாரி. எழுந்திரிங்க. ஆட்டோ கூப்டறேன்."

ஆட்டோவில் கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதற்குள் அலமாரியின் இரண்டு சாவிகளும் இருந்தன. புதன்கிழமை காலை பத்து மணிக்கு செமஸ்டர் தேர்வுகள் தொடங்குகின்றன. முதல் நாள் வினாத்தாள் கட்டுகள் எல்லாம் அந்த அலமாரியில்.

எங்கள் விதி எளிமையானது. அலமாரிக்கு இரண்டு பூட்டு. ஒரு சாவி என்னிடம், மற்றது துணை அலுவலர் பிரேமாவிடம். இருவரும் சேர்ந்துதான் திறக்க வேண்டும், சேர்ந்துதான் பூட்ட வேண்டும். தனியாக எந்த உறையும் பிரிக்கப்படக் கூடாது என்பதற்காக ஏற்பட்ட வழக்கம். நான்கு ஆண்டுகளாக இரண்டையும் நானே வைத்திருந்தேன். பிரேமாவுக்குச் சின்னக் குழந்தை, காலையில் சீக்கிரம் வருவது சிரமம் என்று காரணம் சொல்லியிருந்தேன். முதல்வர் ஒரு கூட்டத்தில் இதைப் பொறுப்புணர்ச்சி என்று பாராட்டினார்.

மருத்துவமனையில் 6.25க்கு ஈசிஜி எடுத்தார்கள். நெஞ்சிலும் கைகால்களிலும் குளிர்ந்த பசையுடன் ஒட்டிகளை வைத்து, இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் கோடாக வரைவது. பிறகு ரத்தம் எடுத்தார்கள். இதயத்தசை அடிபட்டால் அதிலிருந்து ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். அது இருக்கிறதா என்று பார்ப்பார்கள். மூன்று மணி நேரம் கழித்து மறுபடியும் பார்ப்பார்கள், கசிய நேரம் ஆகலாம் என்பதால். அந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருந்தது. இரண்டு பேர் திருத்தும் விடைத்தாள் போல.

என் கணவர் ரகு 7.10க்கு மயிலாப்பூரிலிருந்து வந்து சேர்ந்தார். கையில் ஃபிளாஸ்க், என் மூக்குக்கண்ணாடி, வீட்டுத் தலையணை உறை. ஆஸ்பத்திரி உறையின் வாசனையில் எனக்குத் தூக்கம் வராது என்று அவருக்குத் தெரியும். அதை அவரே மாட்டினார்.

"பேசாம படுத்துக்கோ சாரு. நான் இங்கயேதான் உக்காந்துண்டிருப்பேன்."

"புதன்கிழமை பரீட்சை."

"இன்னிக்கு திங்கக்கிழமைதானே?" என்றார், குழந்தையிடம் சொல்வதுபோல்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அன்று நான் எனக்குள் வேண்டிக்கொண்டது, ஏதாவது ஒரு சின்ன அடைப்பு இருக்கட்டும் என்றுதான். அடைப்புக்கு ஒரு மரியாதை உண்டு. படம் உண்டு, அளவு உண்டு, அதைக் காட்டி விடுப்புக் கடிதம் எழுதலாம். எனக்கு வந்திருப்பது என்ன என்பது உள்ளே ஓர் ஓரத்தில் எனக்குத் தெரிந்தே இருந்தது. அதற்குப் படம் கிடையாது.

இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் சரியாக இருந்தன. செவ்வாய் காலை எக்கோ எடுத்தார்கள். ஒலியலைகளை அனுப்பி இதயம் அசைவதைத் திரையில் பார்ப்பது. இருட்டறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்தபடி நானும் பார்த்தேன். சாம்பல் நிற நீருக்குள் ஒரு வால்வு திறந்து மூடிக்கொண்டிருந்தது, மீன் வாய்போல. ஐம்பத்திரண்டு வருடமாக என்னைக் கேட்காமலே இது இப்படி வேலை செய்கிறது என்று நினைத்தபோது ஏனோ கண் கலங்கியது.

இதய மருத்துவர் வந்தார். "உங்க ஹார்ட் என் ஹார்ட்டைவிட நல்லா இருக்கு மேடம். தைராய்டும் நார்மல். பிபி மட்டும் ஏறி ஏறி இறங்குது. வெள்ளிக்கிழமை வரை வச்சுப் பார்க்கலாம். எங்க மனநல மருத்துவர் ஒருத்தர் வந்து உங்ககிட்ட பேசுவாங்க."

அவர் போகும்வரை பொறுத்திருந்த என் நாத்தனார் வசந்தா, கதவு சாத்தியதும் எழுந்தாள்.

"மனநல டாக்டரா? எதுக்கு? மன்னிக்கு என்ன கொறச்சல்? காலேஜே அவா கைக்குள்ள இருக்கு!"

"வசந்தா, மெதுவா" என்றார் ரகு.

"அண்ணா, நான் எல்லார்ட்டயும் வாயுன்னு சொல்லிட்டேன். வாயுன்னா மேல ஒரு கேள்வி வராது. பெருங்காயம் போட்டு மோர் குடின்னுட்டு விட்டுடுவா. நீங்க வேற எதையும் ஒளறி வைக்காதீங்கோ."

நான் அவளுக்கு நன்றியோடு தலையசைத்தேன்.

மனநல மருத்துவர் பதினொன்றேகாலுக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். கைத்தறிப் புடவை, விரிசல் விட்ட கைபேசி. ஒரு தாளைக் கொடுத்தார். கடந்த இரண்டு வாரங்களில் இது எத்தனை நாள் இருந்தது என்று கேட்கும் கேள்விகள். எதிலும் நிலைகொள்ளாமை, கவலையை நிறுத்த முடியாமை, ஏதோ கெட்டது நடக்கப்போகிறது என்ற பயம். ஒவ்வொன்றுக்கும் பூஜ்ஜியம் முதல் மூன்று வரை. பேனாவை வாங்கி எல்லாவற்றுக்கும் பூஜ்ஜியம் போட்டுக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன். நாற்பது விநாடிகூட ஆகவில்லை.

தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "மேடம், உங்க காலேஜ்ல ஒரு பையன் எல்லாக் கேள்விக்கும் ஒரே விடை போட்டு, நாற்பது செகண்ட்ல பேப்பரைக் குடுத்துட்டுப் போனா என்ன செய்வீங்க?"

"விசாரணைக் குழுவுக்கு அனுப்புவேன்."

"நான் என்ன செய்யட்டும்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு நாளில் முதல் சிரிப்பு. இன்னொரு தாள் கேட்டேன். "தேர்வு எழுதுற மாதிரி எழுதாதீங்க, டைரி எழுதுற மாதிரி எழுதுங்க" என்றார். அந்த முறை கால்மணி நேரம் பிடித்தது.

அதிலிருந்து அவர் கேட்கக் கேட்கச் சொன்னேன். அலுவலகத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம் முன்னால் போய்விடுவது. அடையாற்றுப் பாலத்தில் வண்டி நின்றால் மூச்சு முட்டுவதால் கோட்டூர்புரம் சுற்றிப் போவது. அந்தப் பக்கம் நெரிசல் குறைவு என்று வீட்டில் சொல்லிவைத்திருப்பது. தாடை இறுகி, காலையில் பல் வலிப்பது. கூட்டத்தில் பேசி முடித்துக் கைதட்டு வாங்கியதும் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுச் சுவரில் சாய்ந்து நிற்பது. அனுப்பிய மின்னஞ்சலை ஆறு முறை படிப்பது. பூட்டை மூன்று முறை இழுப்பது.

"இதெல்லாம் பார்த்துட்டு மத்தவங்க என்ன சொல்வாங்க?"

"பங்க்சுவல். பர்ஃபெக்ட்."

"அதனாலதான் இது வெளியே தெரியாது. பதற்றத்துக்கு நீங்க நல்ல உடுப்பு தைச்சுப் போட்டிருக்கீங்க. உள்ள இருக்கிற எச்சரிக்கை மணி ஆபத்தே இல்லாதபோதும் அடிக்குது. அது அடிக்கிறப்ப எல்லாம் நீங்க ஒரு வேலையை எடுத்துப் போட்டுச் செஞ்சு முடிக்கிறீங்க. மணி நிக்குது. அடுத்த தடவை இன்னும் சத்தமா அடிக்குது. நேத்து வந்தது பேனிக் அட்டாக். சில நிமிஷத்துல உச்சத்துக்குப் போகும், பிறகு தானா இறங்கும். செத்துடுவோம்னு தோணும். அதனால யாரும் சாகறதில்லை. ஆனா இதயத்தைச் சோதிச்சுப் பார்க்காம நாங்களே அப்படிச் சொல்லமாட்டோம். வீட்ல இருந்துகிட்டு யாரும் முடிவு பண்ணக் கூடாது."

பிறகு, "பூட்டை இழுக்கிறது எப்ப ஆரம்பிச்சது?" என்று கேட்டார்.

"நாலு வருஷம் இருக்கும்."

"அப்ப என்ன நடந்தது?"

"ஒண்ணும் இல்லையே" என்றேன்.

அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை. ஒரு சிறு மாத்திரையை விழுங்கவைத்துவிட்டுப் போனார்.

அந்த மாத்திரையின் மதியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. நான்காவது மாடி. சன்னலுக்கு வெளியே ஆறு கடலில் கலக்கும் இடம் வெள்ளைத் தழும்பாகத் தெரிந்தது. வற்றிய நீரில் பறவைகள் ஒற்றைக் காலில் நின்றன. திரைச்சீலை உப்பும், பிறகு நினைத்துக்கொண்டதுபோல் அமுங்கும். கண்ணை மூடினால் அந்தக் கழிமுகத்தில் மேசைகள் போட்டிருந்தார்கள். கணுக்கால் ஆழத் தண்ணீரில் மாணவர்கள் வரிசையாக உட்கார்ந்து தேர்வு எழுதினார்கள். எழுதிய தாள்கள் ஒவ்வொன்றாக நழுவி மிதந்து கடலுக்குப் போயின. யாரும் எழுந்து பிடிக்கவில்லை. நானும் கரையில் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன், அவசரமே இல்லாமல். கண்ணைத் திறந்தால் ரகு நாற்காலியில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருப்பார். அந்த வெள்ளை நாரை ஒன்றுவிடாமல் எடுப்பார். மறுபடி மூடினால் மறுபடி தண்ணீர்.

நான்கு மணிக்கு அந்தத் தண்ணீருக்குள்ளிருந்து பிரேமாவின் குரல் கேட்டது. ரகு அவளை உட்காரச் சொல்லிவிட்டுக் காபி வாங்கப் போனார்.

"எப்படி இருக்கீங்க மேடம்?"

"வாயுத் தொந்தரவு" என்றேன்.

தலையசைத்தாள். "நாளைக்கு ஒன்பதரைக்குக் கட்டு எடுக்கணும். சாவி வேணும்."

"நான் எட்டு மணிக்கெல்லாம் வந்துடுவேன் பிரேமா. கையெழுத்துப் போட்டுட்டு வெளியே வந்துடலாம்."

"வெள்ளிக்கிழமைதான் விடுவாங்கன்னு சார் சொன்னாரே."

என் கை தலையணைக்கு அடியில் கைப்பையின் வாரைத் தேடியது. அவள் அதைப் பார்த்தாள். பிறகு தன் பையிலிருந்து ஒரு உறையை எடுத்துப் படுக்கையின் ஓரத்தில் வைத்தாள்.

"இதுக்கு இது நேரம் இல்லை, தெரியும். தேர்வு முடிஞ்சதும் போயிடறேன் மேடம்."

"ஏன்?"

"ஏன்னா?" அவள் குரல் உயரவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "அலமாரியைத் திறந்து போட்டுட்டுப் போனவள்னு எல்லா டிபார்ட்மென்ட்லயும் பேர் இருக்கு. போன வருஷம் அட்மிஷன் கமிட்டில என்னைப் போடலாம்னு யாரோ சொன்னப்ப, 'சாவியே அவங்ககிட்ட குடுக்கிறதில்லையாம்'னு சிரிச்சாங்களாம். நீங்க என்னை ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை. சிரிச்சுக்கிட்டே, குழந்தையைப் பார்த்துக்கோன்னு சொன்னீங்க." நிறுத்தினாள். "அன்னிக்கு சாயந்திரம் பாப்பாவுக்குக் காய்ச்சல்னு போன் வந்தது. என் சாவியை உங்க மேஜைல வச்சுட்டுப் போன மாதிரித்தான் எனக்கு ஞாபகம். ஆனா நீங்க அப்படிச் சொல்லலையே. இப்பல்லாம் எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. நான்தான் பூட்டாமப் போயிட்டேனோன்னு. வீட்ல காஸை மூடினேனான்னு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன் மேடம்."

நான்கு ஆண்டுகளுக்கு முன் நடந்தது இதுதான். பிரேமா தன் சாவியை என் மேசையில் வைத்துவிட்டு, "மேடம், நீங்களே ரெண்டையும் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் பூட்டப் போனேன். முதல்வர் அறையிலிருந்து அழைப்பு வந்தது. போனேன். அங்கிருந்து நேரே வீட்டுக்குப் போய்விட்டேன். மறுநாள் காலை அலமாரி திறந்து கிடப்பதை எத்திராஜ் பார்த்தார். ஒரு உறைகூடப் பிரியவில்லை. ஆனாலும் பேச்சு பரவியது. முதல் நாள் சீக்கிரம் போனது யார் என்று பார்த்து, அவள் தலையில் விழுந்தது. நான் எதையும் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டைரியில் அன்றைய பக்கத்தில் "அலமாரி திறந்திருந்தது, இழப்பு இல்லை" என்று இருக்கிறது. பூட்டாதது யார் என்று சொல்லாத வாக்கியம்.

அவளிடம் இரண்டு விதமாகப் பேச என்னால் முடியும். ஒன்று, கனிவாக. "யார் என்ன சொன்னா என்ன பிரேமா" என்று தொடங்குவது. அது எனக்கு நன்றாக வரும். வாய்வரை வந்தது. அப்போது இதயம் ஓடத் தொடங்கியது; தலைமாட்டுத் திரையில் எண் ஏறுவதை இருவருமே பார்த்தோம். தொண்ணூறு, நூற்றுப் பத்து, நூற்றிருபத்தைந்து.

"நர்ஸைக் கூப்பிடட்டுமா?"

"வேண்டாம். உட்காரு. எனக்கு வாயு இல்லை. பயம்." அந்தச் சொல்லை நான் என்னைப் பற்றி ஒருவரிடம் சொன்னது அதுதான் முதல்முறை. "உன் ஞாபகம் சரி. சாவியை மேஜைல வச்சே. பூட்டாமப் போனது நான். அன்னிக்கே தெரியும். மறுபடி அப்படி ஆயிடுமோன்னு பயந்து ரெண்டையும் நானே வச்சுண்டேன். உன்மேல சந்தேகம் எனக்கு என்னிக்குமே இருந்ததில்லை. என்மேலதான்."

எண் நூற்று முப்பதைத் தொட்டு நின்றது.

அவள் அழுவாள், அல்லது என் கையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. இரண்டும் நடக்கவில்லை.

"நாலு வருஷம் மேடம்" என்றாள்.

"ஆமாம்."

"எனக்கு மட்டும் சொன்னா போதாது."

"ஆமாம்."

"அந்த ராஜினாமா லெட்டரை முதல்வருக்கு அனுப்புங்க. இல்லைன்னா எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. ரெண்டுல ஒண்ணு."

கைப்பையைத் திறந்து இரண்டு சாவிகளையும் நீட்டினேன். அவள் தன்னுடையதை மட்டும் எடுத்துக்கொண்டாள். "ரெண்டு பேர்னுதான் விதி. இன்னொண்ணை முதல்வருக்குக் குடுத்து அனுப்புங்க." ரகு காபியோடு வந்தபோது அவள் போயிருந்தாள்.

அவரிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது, "கோட்டூர்புரம் சுத்திப் போனதும் அதனாலதானா?" என்பது. ஆமாம் என்றேன். "ரெண்டு வருஷமா அந்த வழில என்ன நெரிசல் கம்மின்னு யோசிச்சிண்டே இருந்தேன்" என்றார். பிறகு சாவியை உறையிலிட்டு, அரக்குக்குப் பதில் மருத்துவமனை பிளாஸ்திரியை ஒட்டி, மாலை நெரிசலில் ஆட்டோ பிடித்துப் போய் முதல்வரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கி வந்திருந்தார். நான் கேட்பேன் என்று அவருக்குத் தெரியும்.

காப்பீட்டுப் படிவத்தில் நோயின் பெயருக்கான கட்டத்தை அவர் காலியாக விட்டிருந்தார். "நெஞ்சுவலின்னு போடட்டுமா?" என்றார். மருத்துவர் சொன்னதையே போடச் சொன்னேன். மெதுவாக எழுதினார்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு நாங்கள் இருவரும் நான்காவது மாடி நடைபாதையில் நடந்துகொண்டிருந்தோம். என் உடல் கல்லூரியில் இருந்தது. கை கைப்பிடியைத் தேடியது. மருத்துவர் சொல்லிக்கொடுத்தபடி நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விட்டேன். வெளிமூச்சு நீளமாக இருந்தால் உடல் ஆபத்து இல்லை என்று மெல்லப் புரிந்துகொள்ளுமாம். புரிந்துகொள்ள அதற்கு விருப்பமில்லை. ரகுவும் கூடவே எண்ணினார். அவர் எண்ணிக்கை எப்போதும் ஒன்று முந்தியது. நடைபாதை முழுவதும் காலை வெயில் பால்போல் கொட்டிக் கிடந்தது. மிதந்து போகிறோமோ என்று தோன்றியது.

10.05க்கு எத்திராஜ் அழைத்தார்.

"பேப்பர் குடுத்தாச்சு மேடம். நாலு நிமிசம் லேட்டு."

"நாலு நிமிஷமா? ஏன்?"

"முதல்வர் சார் சாவியை ராங்கு பூட்டுல வுட்டு முறுக்கிகினு இருந்தாரு. பிரேமா மேடம்தான் வாங்கி சரியா போட்டாங்க. பசங்களுக்கு நாலு நிமிசம் கூட குடுத்துட்டாங்க. நீங்க டென்சன் ஆவாதீங்க. எதுவும் இடிஞ்சி வுழல."

திரும்பி வந்து படுத்தேன். ஒன்றேகாலுக்கு ரகு சாப்பாட்டுக்கு எழுப்பும்வரை தூங்கினேன்.

வெள்ளிக்கிழமை வீடு திரும்பினேன். தினமும் ஒரு மாத்திரை. அது வேலை செய்யத் தொடங்கச் சில வாரங்கள் ஆகும் என்றார்கள், ஆயிற்று. வாரம் ஒருமுறை பேச்சு சிகிச்சை. அதில் எனக்குத் தரப்படும் வீட்டுப்பாடங்கள் விசித்திரமானவை. ஒரு மின்னஞ்சலை ஒரே முறை படித்துவிட்டு அனுப்புவது. பாலத்தின் நடுவில் ரகுவுடன் இறங்கி ஐந்து நிமிடம் நிற்பது. முதல் நாள் மூன்று நிமிடம்தான் முடிந்தது. பயம் போய்விடவில்லை. வந்தால், வந்திருக்கிறது என்று தெரிகிறது. முன்பு அதை வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வசந்தா இன்றும் மயிலாப்பூர் முழுக்க வாயு என்றே சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

தேர்வுகள் முடிந்த வாரம் தேர்வுக் குழுக் கூட்டம். முதல்வர், துறைத் தலைவர்கள், நான், பிரேமா என்று பதினொரு பேர். அவளுடைய ராஜினாமா கடிதம் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருந்தது. முதல் நாள் மாலை, "பிறகு தனியாக முதல்வரிடம் சொல்லிவிடலாமே" என்று ஒரு குரல் எனக்குள் நியாயம் பேசியது. நல்ல உடுப்பு போட்ட குரல்.

நிகழ்ச்சி நிரலின் கடைசிப் பொருளுக்கு முன்னால், ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். உட்கார்ந்தபடியே சொன்னேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அலமாரியைப் பூட்டாமல் போனது நான், பிரேமா இல்லை. அதை மறைத்தேன். விதியை மீறி அவர் சாவியையும் வைத்துக்கொண்டேன். போன மாதம் மருத்துவமனையில் இருந்தது பதற்ற நோய்க்காக, சிகிச்சையில் இருக்கிறேன். அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். அட்மிஷன் கமிட்டியில் சிரித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது; இரண்டு பேர் தங்கள் காபிக் கோப்பைக்குள் பார்த்தார்கள். முதல்வர் தொண்டையைச் செருமி, "சரி... பரவாயில்லை, இதை இதோட விட்டுடலாம்" என்றார்.

கூட்டக் குறிப்பு எழுதுவது பிரேமாவின் வேலை. பேனாவை நிறுத்தியிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"மேடம், இதை மினிட்ஸ்ல எப்படி எழுதட்டும்?"

"சொன்னபடியே எழுது."

எழுதினாள். ஐந்து வரி வந்தது. முடித்ததும் வழக்கப்படி சத்தமாக வாசித்தாள். அவளுடைய பெயர் வரும் இடத்தில் நிறுத்தி, மீண்டும் ஒருமுறை அந்த வரியை வாசித்தாள். தாள் மேசையைச் சுற்றி வந்தது. பத்துப் பேர் கையெழுத்திட்டோம். கடைசியாக அவளிடம் போனது. அவள் தன் கையெழுத்தைப் போட்டு, தேதியும் போட்டு, தாளைத் திருப்பினாள்.

"அடுத்தது, அரியர் தேர்வு அட்டவணை" என்றாள்.